கமரா வருது என்று சொல்லிவிட்டு வந்தவர்

அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில், மரண அறிவித்தலுக்காகப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. உதுமாலெப்பை மக்பூல் என்பவர் வபாத்தாகிவிட்டதாக அறிவித்தார்கள். குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்த எனக்கு அந்தப் பெயரில் யாரையும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆருகா அது மக்பூல்? நம்மட ஊர் ஆள்தானா?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். அதற்குள் அறிவித்தவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வீடியோ காக்கா" என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்.

மாமி தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். என் கையிலிருந்த அரிசிச் சட்டி தண்ணீரோடு சாய்ந்தது. "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று வாய் சொன்னது. மனம் மட்டும், இவ்வளவு காலமும் இந்த மனிதரின் பெயர் என்னவென்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லையே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தது. எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்டவர் அவர். அவரிடம் நாங்கள் யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். மக்பூல் காக்கா கல்முனையிலிருந்து அட்டாளைச்சேனை வரை எங்கள் கரையோர ஊர்களில் கலியாண வீடியோ எடுத்தவர். நெடுநெடுவென்று உயரம். கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. உடம்பில் துணியை விடப் பொக்கெட்டுகள் அதிகமாக உள்ள ஒரு சாம்பல் நிற அங்கி. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றும் அந்த அங்கியைத்தான் போட்டிருந்தாராம்.

கலியாண வீட்டுக்குள் அவர் நுழைந்தால் கமராவுக்கு முன்னால் கேள்விதான் நுழையும். பிரியாணி சமைப்பவரிடம் போய், "மூடிக்கு மேல நெருப்பு என்னத்துக்கு? கீழ இரிக்கிற நெருப்புக் காணாதா?" என்பார். எனக்கு மூத்த ராத்தாவின் நிக்காஹ் அன்று மௌலவியையே மடக்கினார். "மணப்பொண்ணிட சம்மதத்த ஏன் வாப்பாக்கிட்டக் கேக்கிறீங்க? புள்ளைக்கிட்ட நேரா கேட்டா என்ன?" மௌலவி தாடியைத் தடவிக்கொண்டு விளக்கம் சொல்ல, இவர் திரும்பக் கேட்க, மாப்பிள்ளை வேர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூத்தவர் ஒருவர் குறுக்கே விழாவிட்டால் ராத்தாவுக்கு அன்று கலியாணம் முடிந்திருக்காது. பதில் கிடைத்தால் காக்கா தலையை ஆட்டி, "ஓம், அது நியாயம்" என்பார். கிடைக்காவிட்டால் கோபிக்கவும் மாட்டார். "மறுகா கேக்கிறன்" என்றுவிட்டுப் போவார். கட்டாயம் மறுகாவும் கேட்பார்.

ராத்தாவின் அந்தக் கலியாணத்தில்தான் அவருடைய வழக்கத்தை முதன்முதலாகக் கவனித்தேன். எங்கள் கலியாணங்களில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. அவர் பெண்கள் பக்கத்து வாசலுக்கு வெளியே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு, "கமரா வருது! முக்காட்டச் சரி பண்ணுங்க!" என்று உரக்கச் சொல்வார். உள்ளே சலசலப்பு அடங்கும்வரை காத்திருப்பார். பிறகுதான் வருவார். யாராவது ஒருத்தி வேண்டாமென்று கை காட்டினால் கமரா கீழே இறங்கிவிடும். வாயாடியான நான், "சத்தம் போடாமல் வந்தால் இன்னும் வடிவான படமெல்லாம் கிடைக்குமே காக்கா" என்று கேட்டேன்.

"அது களவு மகள்," என்றார். "தன்ன எப்பிடிக் காட்டோணும் எண்டு யோசிக்க ஆளுக்கு ஒரு நேரம் குடுக்கோணும்."

பிறகு நான் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, கணிதம் படிப்பிக்கத் தொடங்கி, எனக்கும் கலியாணம் வந்தது. வீடியோவுக்கு யாரென்று வீட்டில் ஒரு பேச்சுமில்லை. அவர்தான். நிக்காஹ், மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தது, சஹன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட்டது, பெண்கள் அறையில் என் கூட்டாளிமார் போட்ட கூத்து என்று எல்லாவற்றையும் எடுத்து முடித்து, பின்னேரம் கமராப் பையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். சந்தியைத் தாண்டி அவரால் போக முடியவில்லை.

சந்தியில் சிவலிங்கம் அண்ணன் சைக்கிளோடு நின்றார். எங்கள் ஒழுங்கைகளில் மீன் விற்கிறவர். பக்கத்துத் தமிழ்க் கிராமம். புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஒரு பொலிஸ் சார்ஜன்ட், வீதியை மறித்து விற்கிறாய் என்று சைக்கிளை உதைத்திருக்கிறார். மீன் பெட்டி கவிழ்ந்தது. சைக்கிள் விழாமல் அண்ணன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. மக்பூல் காக்கா வீதிக்கு அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கமராவை எடுத்தார். சார்ஜன்ட் இரண்டாவது அறைக்குக் கை ஓங்கிய நேரம் காக்காவின் வாயில் பழக்கதோஷம் முந்திக்கொண்டது.

"கமரா வருது! முக்காட்டச் சரி பண்ணுங்க!"

சந்தி முழுவதும் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் நடந்ததை அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை. அது கடைசியில் நீதிமன்றத்தில்தான் தெரிய வந்தது. சார்ஜன்ட் தன்னை நையாண்டி பண்ணுகிறார்கள் என்று நினைத்து வீதியைக் கடந்து வந்தார். அவருக்குத் தெரிந்த தமிழில், "என்ன எடுக்கிறது? பொலிஸ் எடுக்க ஏலாது! நிப்பாட்டு!" என்றார்.

"நான் தூரத்திலதானே சேர் நிக்கிறன், ஒங்கட வேலைக்குக் குறுக்க வரல்ல," என்றார் காக்கா. "ஏலாது எண்டு எந்தச் சட்டத்தில இரிக்கி? எனக்குத் தெரியா. அறியத்தான் கேக்கிறன்."

"ஸ்டேஷனுக்கு வா. காட்டுறன்."

காக்கா கமராவை அணைத்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார். இதை அவரே பின்னால் சொல்லிச் சிரிப்பார். "காட்டுவாங்க எண்டு நம்பித்தான் மகள் போனன்." வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, கடந்துபோகிற ஒவ்வொரு அதிகாரியிடமும் அந்தச் சட்டத்தைக் கேட்டாராம். பொறுப்பதிகாரி, "கடமைக்கு இடையூறு" என்றிருக்கிறார். "இடையூறு வேற சேர், படம் எடுக்கிறது வேற. ரெண்டாவத எங்க எழுதியிரிக்கி?" என்று இவர் கேட்க, அந்த மனிதர் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டாராம். சிவலிங்கம் அண்ணனையும் பிடித்துப் போயிருந்தார்கள். இருவரையும் பிணையில் விட்டார்கள். கமரா பொலிசில் நின்றுவிட்டது. சிவலிங்கம் அண்ணன் சார்ஜன்டைத் தள்ளி விழுத்தப் பார்த்தார் என்று ஒரு வழக்கு. காக்கா இடையூறு செய்தார் என்று இன்னொரு வழக்கு.

மறுநாள் காலை காக்கா எங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே வந்து நின்றார். வாப்பா எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. வெளியே நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். சந்தியில் எடுத்த படமும் என் கலியாணமும் ஒரே மெமரி காட்டில் இருந்தன. வேறு பிரதி கிடையாது. பொலிஸ் ஒரு சமாதானம் சொல்லியிருந்தது. சந்தியில் எடுத்ததைத் தங்களுக்கு முன்னால் அழித்தால் கமராவையும் கலியாண வீடியோவையும் கொண்டுபோகலாம். அவர் மீது வழக்குமில்லை. சிவலிங்கம் அண்ணனின் வழக்கு மட்டும் நடக்கும். மறுத்தால் காட் சான்றுப்பொருளாக நீதிமன்றம் போகும்.

வாப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "நம்மட பொம்புளைகள்ட படத்தக் கோட்டில போட்டுப் பாக்கிறதா? நீங்க இதில யோசிக்க என்ன இரிக்கி? அழிச்சிட்டு வாங்கிட்டு வாங்க!"

"எனக்கும் அதுதான் லேசு காக்கா," என்றார் அவர். வயதில் தன்னைவிட மூத்த வாப்பாவை அவர் காக்கா என்றுதான் கூப்பிடுவார். "ஆனா நானும் நீங்களும் முடிவெடுக்கிற காரியமில்ல இது. படத்தில இரிக்கிறது மகள். அதுக்கிட்டக் கேக்கத்தான் வந்தன்."

வாசல் திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். மௌலவியிடம் அவர் கேட்ட பழைய கேள்வி நினைவுக்கு வந்தது. என் நிக்காஹுக்குக் கூட வாப்பாவிடம்தான் கேட்டார்கள். முதன்முதலாக ஒருவர் என்னிடம் நேரே கேட்க வந்திருக்கிறார், அதுவும் ஒரு பொலிஸ் வழக்கில்.

"சிவலிங்கம் அண்ணனுக்கு வேற சாட்சி இல்லையா காக்கா?" என்று கேட்டேன்.

"சந்தியில நிண்ட சனம் கணக்கில்ல மகள். ஒவ்வொருத்தராக் கேட்டுப் பாத்தன். எல்லாரும் அந்த நேரம் மற்றப் பக்கம் பாத்தவங்களாம்."

"கோட்டில எங்கட படத்தையும் போடுவாங்களா?"

"அது எனக்குத் தெரியா. வா, அதையும் கேட்டுப் பாப்பம்."

சட்டத்தரணியிடம் என் கணவரோடு நானும் போனேன். சந்திப் பகுதியை மட்டும் காட்டி மற்றதை முத்திரையிட்டு வைக்கும்படி மன்றைக் கேட்கலாம், தருவதும் தராததும் நீதவானின் கையில் என்றார் அவர். எனக்கு அது போதுமான விடையில்லை. கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு இருக்கலாம், இல்லாமலிருக்கலாம் என்பது பிடிக்காது. ஆனாலும் ஒரு பக்கத்தில் என் கூத்தும் கும்மாளமும் இருந்தன. மறுபக்கத்தில் மறியலில் அடைபடப் போகும் ஒரு மனிதர் இருந்தார். "கோட்டுக்குப் போகட்டும்" என்றேன். வாப்பா பெருநாள் வரைக்கும் என்னோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.

வழக்கு இழுபட்ட மாதங்களில் காக்கா ஊரெல்லாம் அந்தச் சட்டத்தைத் தேடினார். கமரா இல்லாததால் வேலையுமில்லை. தபால் கந்தோரில் கேட்டார், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில் கேட்டார், ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் ஒருவரின் வீட்டுக்கே போய்க் கேட்டார். பொலிசைப் படமெடுக்கக் கூடாது என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். எங்கே எழுதியிருக்கிறது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. இது என்ன விந்தை என்று எனக்கும் ஆவல் பிடித்துக்கொண்டது. பாடசாலை ஓய்வறையில் நானும் கேட்கத் தொடங்கினேன். என்னோடு படிப்பிக்கிறவர்களும் அதே பதிலை அதே நிச்சயத்தோடு சொன்னார்கள். ஒரு முழு ஊரும், கண்ணால் காணாத ஒரு சட்டத்துக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது!

கடைசியில் சட்டத்தரணிதான் புத்தகங்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார். பொது இடத்தில் கடமையில் நிற்கும் பொலிஸ் அதிகாரியைப் படமெடுக்கக் கூடாது என்று பொதுவான தடை எதுவும் அவர் பார்த்த சட்டத்தில் இல்லை. தடையில்லாததைச் செய்யக் குடிமகனுக்கு உரிமை உண்டு. பேச்சுக்கும் கருத்து வெளிப்பாட்டுக்கும் அரசியலமைப்பே இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் வேலைக்குக் குறுக்கே போகக் கூடாது. பாதுகாப்புக்காக மூடிய இடங்களுக்கு வேறு விதிகள் உண்டு. எடுத்ததை வெட்டி ஒட்டிப் பொய்யாக்கினால் அது வேறு குற்றம். காக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். "ஓம், அது நியாயம்" என்றார்.

நீங்கள் பயப்படவில்லையா என்று அன்று திரும்பி வரும்போது கேட்டேன். ஊரில் அவரை வீரர் ஆக்கிக் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். அது அவருக்குக் கொஞ்சமும் பொருந்தாத சட்டை.

"ஏன் பயமில்லாம? நல்லா இரிந்திச்சு மகள். ஆனா அறியோணும் எண்ட ஆச அதவிடக் கூட. என்ன செய்யிற?"

விசாரணை அன்று நீதிமன்றத்தின் பின் வரிசையில் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காட் இருந்த உறையை உடைத்தார்கள். நீதவான் சட்டத்தரணியின் விண்ணப்பத்தை வாசித்தார். சந்திப் பகுதியை மட்டும் போடும்படியும், மற்றதை யாரும் திறக்காமல் முத்திரையிடும்படியும் உத்தரவிட்டார். இழுத்துப் பிடித்த முக்காட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

படம் ஓடியது. முதலில் குரல்தான் கேட்டது. "கமரா வருது! முக்காட்டச் சரி பண்ணுங்க!" மன்றில் சிலர் சிரிப்பை அடக்கினார்கள். திரையில் சார்ஜன்டின் கை ஓங்கியிருந்தது. குரல் கேட்டதும் அவர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கை அப்படியே வளைந்து அவருடைய தலைக்குப் போய்த் தொப்பியை நேராக்கியது. பிறகு இடுப்புப் பட்டியை இழுத்துவிட்டது. பின்னால் சிவலிங்கம் அண்ணன் இரண்டு கையாலும் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். கடைசிவரை அந்தக் கைகள் சைக்கிளை விடவேயில்லை.

நீதவான் இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு பொலிஸ் தரப்பைப் பார்த்துக் கேட்டார். "இவர் எந்தக் கையால் தள்ளினார்? தொப்பியைச் சரிசெய்ய நேரம் கிடைத்த அதிகாரிக்கு எந்தக் கடமையில் இடையூறு வந்தது?"

பொலிஸ் தரப்பு கோப்பைப் புரட்டியது. நீதவான் இருவரையும் விடுவித்தார். எல்லோரும் எழும்பும் நேரம் காக்கா குற்றவாளிக் கூட்டிலேயே நின்றார்.

"ஐயா, ஒண்டு கேக்கலாமா? எடுக்கப்படாது எண்டு எங்கயாவது எழுதியிரிக்கா?"

சட்டத்தரணி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். நீதவான் சிரித்தேவிட்டார். "இருந்திருந்தால் இவர்கள் இந்நேரம் காட்டியிருப்பார்கள். நீங்கள் போகலாம்."

வெளியே மர நிழலில் சிவலிங்கம் அண்ணன் காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "விடுங்க அண்ணன், விடுங்க," என்று காக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். மன்று முத்திரையோடு திருப்பித் தந்த காட்டை ஒருநாள் என் கையிலேயே கொண்டுவந்து தந்தார். வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, அழகாக்கித் தரட்டுமா என்று கேட்டார். எனக்கு அது இருந்தபடியே போதும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எங்கள் சந்தியில் எதற்கெடுத்தாலும் போன் தூக்குவது சாதாரணமாகிவிட்டது. அது காக்காவுக்கு முழுச் சந்தோஷம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருமுறை மாவடிப்பள்ளிப் பாதையில் ஒரு பெண் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இரத்தத்தோடு கிடந்தார். சுற்றிவர ஆட்கள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கலியாண வீடொன்றிலிருந்து வந்துகொண்டிருந்த காக்கா இறங்கி, அந்த அங்கியைக் கழற்றி அந்தப் பெண்ணை மூடினார். "இவ என்ன, சீருடை போட்டுக்கிட்டா விழுந்து கிடக்கிறா? போன மடக்குங்கடா!" என்று கத்தினார். அவர் கோபத்தில் கத்தி ஊர் கேட்டது அன்றைக்குத்தானாம்.

"காக்கா, எடுக்கலாமெண்டு கோட்டில வெண்டவர் நீங்கதானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

"எடுக்கலாமெண்டது ஆர? சம்பளம் எடுத்துச் சந்தியில அதிகாரத்தோட நிக்கிறவர. அத விட்டுப்போட்டு மத்ததப் படிச்சிரிக்கீங்க."

எது காட்ட வேண்டிய முகம், எது மூட வேண்டிய முகம் என்ற கேள்வியை அவர் எங்கள் பெண்கள் அறை வாசலில் நின்றுதான் படித்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம். அதை அவரிடம் கேட்டு உறுதிப்படுத்தாமல் விட்டது எனக்கு இப்போது மிகவும் வலிக்கிறது.

ஜனாஸா வீட்டுக்கு மஃரிப் தொழுகைக்கு முன்னமே போய்விட்டேன். படலைக்கு வெளியே சிவலிங்கம் அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே பெண்கள் பார்ப்பதற்காக முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். கண்ணாடி இல்லாத அந்த முகம் ஏதோ கேட்க வாயெடுத்தது போலவே இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பவென்று ஒரு பெண் போனை உயர்த்தினார். மூலையில் இருந்த காக்காவின் மனைவி தலையை நிமிர்த்தினார்.

"வேணாம் புள்ள. அவரு ஆரையும் கேக்காம எடுத்ததில்ல. இப்ப அவருக்கிட்ட எப்பிடிக் கேப்பீங்க?"

போன் இறங்கியது. நாங்கள் எல்லோரும் அப்போதுதான் விம்மி அழுதோம்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் காட்டைத் தேடி எடுத்துக் கணினியில் போட்டேன். மற்றவர்களின் வீடியோக்களில் அவர் தன் குரலை வெட்டிவிட்டுப் பாட்டுப் போட்டிருப்பார். வெட்டாமல் இருப்பது என்னுடையது மட்டும்தான். எத்தனையோ ஆயிரம் முகங்களை எடுத்தவரின் முகம் அதிலும் இல்லை. திரையில் எங்கள் வீட்டுப் பெண்கள் அறையின் மூடிய கதவு மட்டும் தெரிந்தது. கதவுக்கு இந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது.

"கமரா வருது! முக்காட்டச் சரி பண்ணுங்க!"

அறையில் நான் தனியே இருந்தேன். ஆனாலும் என் கை தானாக உயர்ந்து, தோளில் கிடந்த முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டது. சார்ஜன்டின் கை தொப்பிக்குப் போனதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

போய் வாருங்கள் காக்கா. உங்கள் கேள்விகளையெல்லாம் கேட்கக்கூடிய இடத்துக்கு அல்லாஹ் உங்களை எடுத்திருக்கிறான். அவன் உங்களுக்குப் பதில் சொல்வானாக. முக்காட்டைச் சரிசெய்துவிட்டேன், நீங்கள் உள்ளே வரலாம்.